கூப்புட்டா போவேன்

எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சொல்வது சாயங்காலங்களில் நடக்கும். நிலத்துக்காரர்கள் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட மாட்டார்கள். தெருவில் ஒருத்திக்குச் சொல்லி அனுப்பினால் போதும். நாளைக்கு எந்த வயல், எத்தனை பேர் வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மேலக் கோடியில் தொடங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்துக்கொண்டே கீழக் கோடி வரை போவாள். அடுப்படியிலிருந்து பதில் வரும். சில வீடுகளில் பதிலோடு ஒரு வசவும் சேர்ந்து வரும். அவள் எந்த வாசலில் நிற்காமல் போகிறாளோ அந்த வீட்டுக்கு மறுநாள் நடவு இல்லை. ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அழைக்காத பந்தியில் போய் உட்காருவது எப்படியோ, அப்படித்தான் சொல்லாத நடவில் போய் இறங்குவதும். ஒருத்தி இனி வரவில்லை என்று சொல்லிவிட்டால் ஆள் சொல்கிறவளும் காரணம் கேட்க மாட்டாள். இரண்டு பக்கமும் அவ்வளவு ரோஷம்.

இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அதை வைத்தே என் அக்காவுக்கு ஒரு கெடுதலைச் செய்ய முடிந்தது. அக்கா இப்போது இல்லை. நான் செய்ததை முழுதாகத் தெரிந்த இன்னொருத்தியும் இல்லை. நானும் போய்விட்டால் அது நடக்காததாகவே ஆகிவிடும். அப்படி ஆகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நன்னிலத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். பண்ணை வேலை செய்து பிழைத்த குடும்பம். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே லுத்தரன் சபையில் சேர்ந்ததால் எழுத்து எங்களிடம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. நிலம் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவரைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் திரும்பி வந்திருந்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போய் என்னைத் தஞ்சாவூரில் எம்.ஏ. வரை படிக்க வைத்தாள். பொருளாதாரம் படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கே ஆசிரியரானேன்.

வயலை நான் சொர்க்கமாக்கிப் பேசப்போவதில்லை. நடவு மாதங்களில் அக்காவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக இருக்கும். ராத்திரி குப்புறப் படுத்துக்கொண்டு, இடுப்பில் ஏறி மிதிக்கச் சொல்வாள். ஐம்பது வயதுப் பெண்ணை இருபது வயது நிலத்துக்காரப் பையன் ‘வாடி’ என்று கூப்பிட்ட காலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஒழிய வேண்டும் என்று நினைத்தது தப்பில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் வரிசையில் நிற்கிற அக்காவையும் நான் பார்த்திருக்கிறேன். நடவில் பெண்கள் குனிந்தபடியே பின்னால் நகர்வார்கள். முன்னால் நட்டது தெரியும், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அக்காவுக்குப் பக்கத்தில் எப்போதும் எங்களுக்குச் சித்தி முறை ஆகிற ஒருத்தி நிற்பாள். அவள்தான் தெருவில் ஆள் சொல்கிறவள். அக்காவைவிடச் சில வயது பெரியவள். முறைதான் சித்தி, பழக்கம் சம வயதுச் சோட்டுக்காரி மாதிரி. இருவருக்கும் வாய் மூடாது.

ஒரு முறை நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றபோது அக்கா நிமிராமலே சொன்னாள்: “ஐயா, கொடைய மடக்கிட்டு நில்லுங்க. நெழலு விழுந்து நாத்து வெளுத்துப் போச்சுன்னு அப்புறம் எங்க தலையில கட்டுவீங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் குடையை மடக்கினார். அந்தத் தெம்பு அவளுக்கு அந்த வரிசையில்தான் வரும். விடுமுறையில் நான் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால், சித்தி தூரத்திலேயே பார்த்துவிடுவாள். “காலேஜு வருது, வழி விடுங்கடி. செருப்புல சேறு பட்டா இங்கிலீசுல வையும்.” அக்கா, “வஞ்சா வையட்டும், புரியவா போவுது உனக்கு?” என்பாள். இரண்டு பேருக்கும் என் மேல் அவ்வளவு பெருமை.

நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, தெருவின் முகப்பில் ரோட்டோரமாகத் தளம் போட்டு ஒரு வீடு கட்டினேன். அக்காவையும் அங்கே கூட்டிவந்துவிட்டேன். அவள் வந்தாள். ஆனால் நடவுக்குப் போவதை விடவில்லை. புது வீட்டின் கேட்டுக்கு வெளியே நின்று சித்தி குரல் கொடுப்பாள். “வாத்தியாரு வீட்டு நாயி கடிக்குமா? நாளைக்கு மதகடி வயலுடி.” எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அது என்னைச் சொன்னது. அக்கா உள்ளேயிருந்து, “கடிக்காது, பரீச்சதான் வைக்கும். வரேன் போ” என்பாள். என் மனைவி தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். அவள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு நாள் இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சரித்திர ஆசிரியர் நிலபுலன் உள்ள குடும்பம், நல்ல மனிதர். எல்லோர் எதிரிலும் சந்தோஷமாக ஆரம்பித்தார்.

“சார், நேத்து நம்ம வயல்ல நடவு. உங்க அக்கா வந்திருந்தாங்க. என்னா கை சார்! அந்தப் பொண்ணு எறங்குனா பொழுது சாயறதுக்குள்ள வயலு முடிஞ்சுரும்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அவர் பாராட்டினார். அதில் ஒரு பொட்டு விஷம் கிடையாது. ஆனால் நாலைந்து பேர் டம்ளரிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்களா, எனக்குத் தெரியாது. “ஆமா சார், பழக்கம், விட மாட்டேங்குறாங்க” என்றேன். என் அக்காவை ஏதோ குடிப்பழக்கம் உள்ளவளைப் போலச் சொல்லிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்.

“இனிமே நீ நடவுக்குப் போக வேணாம்.”

“ஏன்?”

“ஏன்னா என்ன அர்த்தம்? நான் சம்பாதிக்கிறேன். உனக்கு என்ன கொறச்சல்?”

“கொறன்னு நான் சொன்னனா?”

“நாலு பேரு பேசுறாங்கக்கா.”

“என்ன பேசுறாங்க? நல்லா நடலன்னா?”

எனக்குக் கோபம் வந்தது. “என் மூஞ்சியில சேறு விழுவுது, புரியலயா உனக்கு?” என்றேன்.

 அவள் மெதுவாகச் சொன்னாள்: “அது கழுவுனா போயிரும்டா. நான் என்ன கெழவியா, குந்தி சோறு திங்க? அங்க நாலு பேரு இருக்காளுவ. இங்க செவுரு இருக்கு. கூப்புடுற வரைக்கும் போறேன். கூப்புடலன்னா நானா ஏன் போவப்போறேன்?”

வழியை அவளே எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து முன்னதாகக் கிளம்பி வந்தேன். வாய்க்கால் படித்துறையில் சித்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமல் மேல்படியிலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

“சித்தி, அக்காவ இனிமே நடவுக்குக் கூப்புட வேணாம்.”

அவள் கையிலிருந்த புடவையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “அவ சொன்னாளா?”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை சித்தி, அவமானமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னை நாறடித்துவிட்டு, அன்று சாயங்காலமே கேட்டில் வந்து நின்று அக்காவைக் கூப்பிட்டிருப்பாள்.

“ஆமா சித்தி. அக்காதான் சொல்லச் சொல்லிச்சு. நேருல சொல்ல ஒரு மாதிரியா இருக்காம். வீடெல்லாம் கட்டியாச்சு, இனிமே சேத்துல எறங்க கூச்சமா இருக்குன்னு. நீங்க அதுகிட்ட எதும் கேட்டுக்காதீங்க. சங்கடப்படும்.”

சித்தி புடவையைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள். “அவளே வேணாம்னா நான் ஏன் கேக்கப்போறேன். நல்லா இருக்கட்டும்ப்பா” என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா நடவுக்குக் கட்டுகிற பழைய புடவையைக் கொடியிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். சித்தியின் குரல் பக்கத்து வீட்டில் கேட்டது. பிறகு அடுத்த வீட்டில் கேட்டது. நடுவில் எங்கள் வாசல் இருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கேட்டைப் பார்த்தாள். “கூட்டம் கொறச்சலா போதும்னுருப்பாங்க” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் நேரத்தோடே வாசல் பல்பைப் போட்டாள். வெளிச்சம் இல்லாததால் சித்தி தெரியாமல் போய்விட்டாளோ என்று நினைத்திருக்கிறாள். பல்பு எரிந்தது. சித்தி அந்த வெளிச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் கேட்டைத் தாண்டிப் போனாள். அவள் ஏன் குனிந்து போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பருவம் முடியும்வரை தினமும் பல்பு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கோயிலில் இருவரும் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. சித்தி மற்றவர்களிடம் என்ன சொன்னாளோ, வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் அக்காவிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். “வாங்க, இப்புடி உக்காருங்க” என்று பாயில் இடம் விட்டார்கள். வாடி போடி என்று ஒருத்தரையொருத்தர் வைதுகொண்டு கிடந்தவர்கள். அக்கா அந்தப் பாயில் ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். “அவளுவளுக்கு என்னைக் கண்டாப் புடிக்கல. நான் என்ன பண்ணேன்னுதான் தெரியல” என்று என் மனைவியிடம் ஒரு முறை சொன்னாளாம். மனைவி என்னிடம் வந்து, “அக்காவுக்கு என்னமோ மாதிரி இருக்கு, நீங்க போயி அந்தச் சித்திகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றாள். பொம்பளைங்க விஷயத்தில் நான் ஏன் தலையிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வகுப்பில் நான் ‘உழைக்கும் மக்கள்தொகை’ என்ற பாடத்தை நன்றாக நடத்துவேன் என்று பெயர். வேலை செய்கிறவர்கள், வேலை கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கிறவர்கள், இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான் ஒரு நாட்டின் உழைக்கும் மக்கள்தொகை. குழந்தைகள், வயதானவர்கள், வீட்டை மட்டும் பார்த்துக்கொள்கிற பெண்கள் அதில் வர மாட்டார்கள். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, உள்ளே யார், வெளியே யார் என்று பையன்களையே எழுதச் சொல்வேன். ஒரு நாட்டில் வருமானம் உயரும்போது பெண்கள் வயலைவிட்டு வீட்டுக்குள் வருவார்கள், அந்த எண்ணிக்கை கொஞ்ச காலம் குறையும், அதை வறுமையின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குடும்பங்கள் மேலே வருவதன் அடையாளம் அது என்று விளக்குவேன். பாடமாக அது சரிதான். சொல்லும்போது என் வீட்டைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தவர் இளவயது ஆசிரியர், எனக்குத் தெரிந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் பெயர் வந்ததும், “இவங்க எதும் வேலைக்குப் போறாங்களா சார்?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“கூப்புட்டா போவேன்.”

வந்தவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். “அக்கா தமாசு பண்ணுது. வீட்டு வேலைன்னு போட்டுக்கங்க தம்பி” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். என் பாடத்தின்படி பார்த்தால், கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கிறவள் வட்டத்துக்கு உள்ளே வர வேண்டியவள். வருடா வருடம் வட்டம் போட்டவன் அவளைக் கையைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

அந்த வருடங்களில் தெருவும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் பையன்கள் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போனார்கள். பிறகு பெண்பிள்ளைகளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போக வேன் வந்தது. அப்புறம் குடும்பம் குடும்பமாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருடங்களில் போனவர்கள், தண்ணீர் வந்த வருடங்களில் திரும்பி வரவில்லை. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. நாட்டின் உழைக்கும் மக்கள்தொகை எப்படி இடம் மாறுகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதைச் சித்தியின் குரலில் கேட்கலாம். முன்பெல்லாம் அவள் கீழக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிடும். வர வர நிற்கிற வாசல்கள் குறைந்து, வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். கூப்பிடுகிற குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் நீளமாக ஒன்றுமில்லாமல் இருக்கும். அக்கா அந்த நேரத்தில் வாசலுக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் எந்த வேலையும் செய்ய மாட்டாள். பாத்திரம் உருட்ட மாட்டாள். டி.வி. ஓடினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள்.

அவள் மெதுவாக வேறு ஆளாகியிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். வேடிக்கையாக ஒன்றும் சொல்ல மாட்டாள். என் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, அத்தை ஒரு காலத்தில் நிலத்துக்காரரையே குடையை மடக்க வைத்தவள் என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. கோயில் காணிக்கைக்குச் சில்லறை வேண்டுமென்றால் என் சட்டை மாட்டியிருக்கும் இடத்தில் வந்து சும்மா நிற்பாள். நானாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவள் சம்பாத்தியத்தில் படித்தவன் நான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு சம்பாப் பருவம். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நட ஆள் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் கேட்டில் சத்தம் கேட்டது. சித்தி நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். கேட்டைத் திறக்காமல், அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் அறையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்கா வெளியே போனாள்.

“நாளைக்கு மதகடி வயலுங்க. ஆளு சுத்தமா இல்ல. நாலே பேரு இருக்கோம். வர மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுப்பாப்பமேன்னு வந்தேன்.”

 நான் பேப்பரைக் கீழே வைத்தேன். அக்கா, ‘ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை’ என்று கேட்டால் அந்த நிமிஷமே எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் கேட்கவில்லை. ஆள் சொல்ல வந்தவளிடம் அதைக் கேட்பது வழக்கமில்லை.

“வரேன்” என்றாள்.

விடியும் முன்பே அக்கா போய்விட்டாள். பழைய புடவை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருடமும் எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள். அன்று நான் பள்ளிக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்பது நினைவில் இல்லை. பின்னால் நகர்ந்துகொண்டே இருவரும் பேசிக்கொள்வார்கள், ஒருத்தி ஒரு வார்த்தை விடுவாள், இன்னொருத்தி நிமிர்வாள் என்று அது மட்டுமே கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வந்தாள். முழங்கால் வரை சேறு. நடவு முடிந்தால் வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டுதான் பெண்கள் வருவார்கள். அவள் கழுவாமல் வந்திருந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, படியேறாமல் கீழேயே நின்றாள்.

“நானா சொன்னேன், தம்பி?”

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போடவில்லை. நான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும், சித்தி ஏதோ தப்பாகச் சொல்லியிருப்பாள் என்ற எதிர்பார்ப்பு அந்த முகத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்குக் கூச்சமா இருக்குன்னு நானா உன்னச் சொல்லச் சொன்னேன்?”

“உன் நல்லதுக்குத்தான்க்கா...”

“அவள எத்தன நாளு வஞ்சிருக்கேன் மனசுக்குள்ள. கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு வஞ்சிருக்கேன். அவளும் என்ன வஞ்சிருக்கா. ரெண்டு பேரும் வயலு நடுவுல நின்னு அழுவுறோம், பாத்தவளுவ யாரு செத்தான்னு கேக்குறாளுவ.”

என் மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. “மாத்துப் புடவை ரெண்டு எடுத்துக் குடும்மா” என்று அவளிடம் சொன்னாள். புடவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். சேற்றுத் தடம் கேட்டிலிருந்து படி வரைக்கும் இருந்தது. அதைக் கழுவ மனைவிக்கு மனம் வரவில்லை. மழை பெய்து போயிற்று.

அந்தப் பருவம் முழுக்க இருவரும் சேர்ந்தே நடவுக்குப் போனார்கள். ஆனால் அக்காவுக்கு ஐம்பது நெருங்கிவிட்டது, கால் வீங்கியது. அடுத்த வருடம் நடவுக்கும் மெஷின் வந்துவிட்டது. மெஷின் இறங்காத வயல்களுக்கு வடக்கேயிருந்து ஆட்கள் லாரியில் வந்தார்கள். ஆள் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. சித்தியின் மகள் திருப்பூரில் இருந்தாள். அவள் அம்மாவைக் கூட்டிப்போக வந்தபோது அக்காவும் கிளம்பிவிட்டாள். போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனார்கள். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டாள். நான் உள்ளே இருந்தேன். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன்.

ஒரு வருடம் கழித்துத் திருப்பூருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையை ஒட்டி, பொதுக் குழாயோடு ஒரு வரிசை லைன் வீடுகள். குழாயடியில் பெண்கள் கூட்டமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்துப் பேச்சும் மதுரைப் பக்கத்துப் பேச்சும் கலந்து கேட்டன. என்னைப் பார்த்துவிட்டுச் சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என் தம்பி. வாத்தியாரு” என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னாள். பழைய குரல்தான்.

“பொருத்தமாத்தான் மொகத்த வச்சிருக்காரு” என்றாள் ஒருத்தி. “பள்ளிக்கூடம் வராத பிள்ளையத் தேடி வந்திருக்காரு போல.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பனியனில் தொங்குகிற நூலை வெட்டுகிற வேலை, பிசிறு வெட்டுவது என்பார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைதான், கால் வலி இல்லை, கண்தான் எரிகிறது என்றாள். கட்டை விரலில் கத்தரிக்கோல் காய்ப்பு இருந்தது. சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், மனதுக்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“நான் செஞ்சது தப்புக்கா. மன்னிச்சுரு. வீட்டுக்கு வந்துரு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “எதுக்குடா அதெல்லாம். வரேன், ஏன் வராம.”

“எப்ப?”

“அவுங்களா வேணாங்கட்டும். கண்ணு தெரியல, நாளையிலேருந்து வராதம்மான்னு அவுங்க வாயால சொல்லட்டும். வந்துர்றேன்.”

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: “உனக்கு எந்த ஊரு பஸ்ஸு? எந்த வழியா போவ?”

சொன்னேன். “நான் வரேன் கூட” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தனைக்குப் பிறகும் வழியனுப்ப வருகிறாளே என்று நினைத்தேன். சந்துகளைக் கடந்து மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஒரு இடத்தில் பெரிய இரும்பு கேட்டும், உள்ளே தகரக் கொட்டகையும் வந்தன. ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்ட ஒருவர் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா சட்டென்று எனக்கும் கேட்டுக்கும் நடுவில் வந்து நடந்தாள்.

“இதுதான் உன் கம்பெனியா?” என்றேன். “அவரு யாரு?”

“சூப்பருவைசரு. நீ வா.”

“ஒரு வணக்கம் சொல்லிட்டு...”

என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

“வேணாம்டா. நீ அவருகிட்ட எதும் சொல்லிடாத.”

அதட்டலாக வரவில்லை அது. கெஞ்சலாக வந்தது. எனக்காகச் சேற்றில் நின்ற அக்கா, ஐம்பது வயதில் என்னைப் பார்த்துப் பயந்து கெஞ்சினாள்.

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள், ஆனால் கையை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே வந்தாள். திருச்சி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. “நீ போக்கா, நான் போயிக்கிறேன்” என்றேன். “இருக்கட்டும்” என்று ஜன்னலுக்குக் கீழே நின்றாள். பிள்ளைகளைக் கேட்டாள், மனைவியின் முட்டி வலியைக் கேட்டாள். பஸ் நகர்ந்ததும் கையை ஆட்டினாள். திருப்பத்தில் நான் எட்டிப் பார்த்தேன். அவள் இன்னும் அங்கேயே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கித் திரும்பி வந்துவிட மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் நின்றிருப்பாள்.